நடந்ததை ஆங்கிலத்தில் எழுத...



தோட்டத்தில் பிறந்த எமக்கு ஆங்கிலம் முற்றிலும் அந்நியமானதன்று. 'லயம்' என்பதே 'லைன்' என்ற சொல்லின் மருவல்தான். செக்ரோல், பெக்டரி, டிஸ்பென்சரி என்று எத்தனை சொற்கள்! ஆனால் வந்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். வினைச்சொற்கள் துரையிடமும் கிளாக்கரிடமுமே நின்றுவிட்டன. ஆகவேதான் நடந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில், கடிதம் எழுதித் தரும்படி இன்னொருவரைக் கேட்டு நிற்கிறோம்.

1977, 1983 வன்செயல்களின்போது மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி பக்கம் போன குடும்பங்கள் பல, 2009 வரை போருக்குள்ளும் அகப்பட்டன. எங்கே இருந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள், எதை இழந்தீர்கள்? படிவங்கள் கேட்பதெல்லாம் கடந்தகாலத்தையே. அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத எமக்கு உரிமை உண்டு. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். எனினும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு எழுதும்போது ஆங்கிலம் தேவைப்படுகிறது.

தமிழில் போனேன், போனாள், போனோம், போனார்கள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'வென்ட்'தான். இந்த விடயத்தில் ஆங்கிலம் தமிழைவிட இலகுவானது.

பெரும்பாலான வினைகளின் முடிவில் 'ஈ, டீ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் கடந்தகாலம் கிடைக்கும். கொழுந்து பறிப்பது 'ப்ளக்'. பறித்தேன் என்றால் 'ஐ ப்ளக்ட்'. எழுத்து இரண்டானாலும் ஒலி 'ட்' மாத்திரமே. 'வோண்ட்' போல முன்பே ட ஒலியில் முடியும் சொல்லுக்குத்தான் 'வோண்டட்' என்று ஓர் அசை கூடும். சில வினைகள் இந்த வழிக்கு வராமல் உருவையே மாற்றிக்கொள்ளும்: கம் – கேம், கிவ் – கேவ், லீவ் – லெப்ட், லூஸ் – லொஸ்ட். இவற்றை மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. 'கட்' என்பதோ அன்றும் இன்றும் 'கட்'தான்!

அதிகம் பிழை விடும் இடம் எதிர்மறை. 'ஐ டிட் நொட் வென்ட்' என்று எழுதிவிடுகிறோம். 'டிட் நொட் கோ' என்பதே சரி. எமது 'போகவில்லை'யைப் பாருங்கள். 'போனவில்லை' என்று யாராவது சொல்கிறோமா? 'இல்லை' வந்ததும் 'போன' என்பது மறைந்து 'போக' வருகிறது. அதைப் போலவே, காலத்தை 'டிட்' சுமந்துகொள்ள, வினை தன் பழைய உருவுக்குத் திரும்பிவிடுகிறது. கேள்விக்கும் இதே விதிதான்: 'டிட் யூ கோ?'

ஆண்டைக் குறிப்பிட்டால் 'ஹேவ்' வேண்டாம். 'வி லெப்ட் கிளிநொச்சி இன் 2008. வி லொஸ்ட் த டீட்.' 2008இல் கிளிநொச்சியை விட்டு வெளியேறினோம், காணி உறுதியை இழந்தோம். இவ்வளவு சிறிய வசனங்கள் போதும். எழுதித் தருபவர்கள் சேர்க்கும் அலங்காரச் சொற்களால், எந்த ஆண்டு எது நடந்தது என்பதே சில வேளை மறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இருக்கிறார் என்பதற்கு 'இஸ்', இருந்தார் என்பதற்கு 'வொஸ்'. கணவரோ மகனோ காணாமற்போயிருந்தால், 'ஹி வொஸ் எ டிரைவர்' என்று எழுதுவதா, 'ஹி இஸ் எ டிரைவர்' என்று எழுதுவதா? இலக்கணம் இதைத் தீர்க்காது. 'வொஸ்' என்றால் முன்பு அந்த வேலை செய்தார் என்பது மட்டுமே கட்டாயப் பொருள். ஆனால் வாசிப்பவர் அவர் இறந்துவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும். 2016இல் திருத்தப்பட்ட சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பங்களுக்கு அது ஒரு மாற்று வழி. காணாமற்போனதை மட்டும் சொல்ல 'ஹி வென்ட் மிஸ்ஸிங் இன் 2009' என்று எழுதலாம். அதில் மரணம் இல்லை.

யாராவது உங்களுக்காக எழுதினால், கையொப்பமிட முன் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 'வொஸ்' வரும் இடத்தில் நிறுத்தி, ஏன் அப்படி எழுதினார் என்று கேளுங்கள்.