இன்டர்நெட்டே இல்லாத அணு உலைக்கு ஹேக்கரால் என்ன செய்ய முடியும்?

2019 அக்டோபர் 29. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் சைபர் தாக்குதல் என்று சமூக வலைதளங்களில் பரவிய தகவலை நிலைய நிர்வாகம் அடியோடு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: மால்வேர் இருந்தது உண்மைதான். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதியே அதைத் தெரிவித்திருந்தது. ஏறக்குறைய 8 வாரம் கழித்துத்தான் மக்களுக்குத் தெரிந்தது, அதுவும் ஒரு மறுப்புக்குப் பிறகு!

அப்போ உலைக்கு ஆபத்தா?

இல்லை என்றது கழகம். மால்வேர் புகுந்தது, இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பணிக் கணினியில். உலையை இயக்கும் நெட்வொர்க் தனி. இப்படிப் பிரித்து வைப்பதை ‘ஏர் கேப்’ என்பார்கள். நடுவே கேபிளும் கிடையாது, வைஃபையும் கிடையாது.

சரிதான். ஆனால் இது பாதிக் கதை.

வந்தது ‘டிட்ராக்’ என்ற உளவு மால்வேர். வட கொரியாவோடு தொடர்புள்ளதாகக் கூறப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்கிறது காஸ்பர்ஸ்கி நிறுவனம். நாம் கீபோர்டில் தட்டுவது, பிரவுசர் ஹிஸ்டரி, ஃபைல் பட்டியல் என எல்லாவற்றையும் திரட்டும். இணையத்தில் சிக்கிய அதன் மாதிரியில் கூடங்குளம் நெட்வொர்க்கின் அட்மின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. வழிதவறி வந்த வைரஸிடம் வீட்டுச் சாவி இருக்காது இல்லையா?

நிர்வாகக் கணினியில் அப்படி என்ன இருந்துவிடும்? எந்த அலுவலகத்திலும் இருப்பவைதான்: ஊழியர் விவரம், ஒப்பந்ததாரர் பட்டியல், எந்த மெஷினை யார் எப்போது சர்வீஸ் செய்ய வருகிறார்கள் என்ற மெயில்கள்.

இதெல்லாம் ஏன் முக்கியம் என்பதற்கு ஈரானைப் பார்க்கலாம். அங்குள்ள நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்திலும் ஏர் கேப் இருந்தது. 2010-ல் அம்பலமான ‘ஸ்டக்ஸ்நெட்’ அதையும் தாண்டியது. பென் டிரைவ் வழியாகப் பரவக்கூடிய வைரஸ் அது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாளும் சில ஈரானிய நிறுவனங்களில்தான் முதலில் நுழைந்தது என ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். உள்ளே போனதும் சென்ட்ரிஃபியூஜ்களின் வேகத்தைத் தாறுமாறாக மாற்றியது. கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் எல்லாம் நார்மல்!

டிட்ராக் அப்படி எதையும் உடைக்க வந்ததல்ல. வேவு பார்க்க வந்தது. ஆனால் ஏர் கேப்பைத் தாண்ட நினைப்பவர் முதலில் தேடுவது, பென் டிரைவோடு உள்ளே போய்வரும் ஆள் யார் என்பதைத்தான். அந்தப் பதில் கிடைக்கும் இடம் நிர்வாகக் கணினி.

நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது கழகத்தின் அக்டோபர் 30 அறிக்கை. அந்தக் கணினியிலிருந்து என்னென்ன வெளியே போனது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.