காற்று இல்லாத ஜாடி!
எதை வைக்கலாம்? எதை வைக்கக் கூடாது?

செட்டிநாட்டு வீடு என்றதும் தேக்குத் தூண்கள் நினைவுக்கு வரும். பளபளக்கும் ஆத்தங்குடிக் கல் நினைவுக்கு வரும்.

ஆனால் வீட்டின் பெருமை முகப்பில் மட்டும் இல்லை. உள்கட்டில் இருக்கும் சாமான் அறையிலும் இருக்கிறது!

அங்கேதான் ஊறுகாய் ஜாடிகள் வரிசையாக நிற்கும். வத்தலும் வடகமும் ஒரு பக்கம் இருக்கும். கலியாணம் என்றால் முறுக்கு, சீப்புச் சீடை, மனகோலம் என்று பலகாரம் நிறைந்து கிடக்கும்.

அக்காலத்தில் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள் செட்டியார்கள். திரும்பி வரும்போது பீங்கான் ஜாடிகளையும் கண்ணாடிச் சாமான்களையும் கொண்டு வந்தார்கள். அவற்றில் பலவற்றைக் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம்.

இப்போது புது வகை ஜாடி ஒன்று சமையல் அறைக்கு வந்திருக்கிறது. அதன் மூடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். ஓட்டையின் மேல் பம்பை வைத்து இழுத்தால், உள்ளே இருக்கும் காற்று வெளியே வந்து விடும்!

காற்று போனால் பண்டம் கெடாதா? சில பண்டங்கள் கெடாது. சில பண்டங்கள் விஷமாகவே மாறி விடலாம்! இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வது உயிரைக் காக்கும்.

மூடியின் மேல் ஒரு சிப்பம்

நம்மைச் சுற்றி உள்ள காற்றுக்கு எடை உண்டு. ஒரு சதுர சென்டி மீட்டர் இடத்தை அது சுமார் 1 கிலோ எடையோடு அழுத்துகிறது.

ஜாடியின் வாய் 8 சென்டி மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் பரப்பு சுமார் 50 சதுர சென்டி மீட்டர். உள்ளே இருக்கும் காற்றில் பாதியை எடுத்து விட்டால், வெளிக் காற்று 25 கிலோ எடையோடு மூடியை அழுத்தும். ஒரு சிப்பம் அரிசியை மூடியின் மேல் வைத்தது போல!

அதனால்தான் மூடியைக் கையால் இழுத்தால் வருவதில்லை. ஓட்டையை மூடியுள்ள ரப்பரை நீக்கினால், "உஸ்" என்று காற்று உள்ளே போகும். மூடி தானே கழன்று விடும்.

காற்றை உறிஞ்சும் பம்பைக் கண்டு பிடித்தவர் ஜெர்மனி நாட்டு ஆட்டோ வான் குரிக். 1650-ம் ஆண்டு வாக்கில் அதைச் செய்தார். இரண்டு செப்புக் கிண்ணங்களைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்தார். இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். கிண்ணங்களைப் பிரிப்பது பெரும்பாடாகி விட்டது!

எதற்கு நல்லது?

முறுக்கு ஏன் சிக்கு வாடை அடிக்கிறது? அதில் உள்ள எண்ணெயோடு காற்றில் இருக்கும் பிராண வாயு சேர்வதால்தான்.

அது ஏன் நமுத்துப் போகிறது? காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சுவதால்தான்.

கவுனி அரிசியில் வண்டு பெருகுவது ஏன்? அது மூச்சு விடக் காற்று இருப்பதால்தான்.

ஆகவே காற்றை எடுத்து விட்டால் இந்த மூன்று தொல்லைகளும் குறைகின்றன. முறுக்கு, சீப்புச் சீடை, முந்திரிப் பருப்பு, வேர்க்கடலை, பருப்பு வகை, மிளகாய்ப் பொடி, காபிப் பொடி, வத்தல், வடகம் ஆகியவற்றுக்கு இந்த ஜாடி மிகவும் ஏற்றது.

இவற்றுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. எல்லாம் நன்றாகக் காய்ந்தவை. அதை மறந்து விடாதீர்கள்!

மிட்டாய்க்காரர் பெற்ற பரிசு

ஈரமான உணவின் கதை வேறு.

உணவை நெடுநாள் கெடாமல் வைக்க வழி சொல்பவர்களுக்குப் பரிசு தருவதாக, 1795-ல் பிரான்சு நாட்டு அரசாங்கம் அறிவித்தது. போருக்குப் போகும் படைகளுக்கு நல்ல உணவு தேவைப்பட்டது.

பாரிஸ் நகரில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய்க்காரர் இருந்தார். உணவைக் கண்ணாடிப் புட்டியில் போட்டார். தக்கையால் இறுக அடைத்தார். புட்டியைக் கொதிக்கும் நீரில் நெடுநேரம் வைத்தார். பல ஆண்டுகள் பாடுபட்டு வெற்றி கண்டார். 1810-ல் அவருக்கு 12 ஆயிரம் பிராங்க் பரிசு கிடைத்தது.

உணவு ஏன் கெடவில்லை? புட்டிக்குள் காற்று இல்லாததுதான் காரணம் என்று அக்கால விஞ்ஞானிகள் சொன்னார்கள்.

அது சரியான விடை அல்ல. உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்று 1860-களில் லூயி பாஸ்டர் நிரூபித்தார். அப்பேரின் உணவைக் காத்தது கொதிநீரின் சூடு. மீண்டும் கிருமி புகாமல் தடுத்தது தக்கை.

காற்றே பிடிக்காத கிருமி!

1895-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு சாவு வீடு. வந்திருந்த வாத்தியக்காரர்கள் அங்கே பன்றி இறைச்சி சாப்பிட்டார்கள். அவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள்.

இறைச்சியை ஆராய்ந்தார் எர்மெங்கம் என்ற பேராசிரியர். அதில் ஒரு புதுக் கிருமியைக் கண்டார். அதற்குக் காற்று ஆகாது. காற்று இல்லாத இடத்தில்தான் அது வளரும்! அது உண்டாக்கும் விஷத்துக்குப் "பாட்டுலினம்" என்று பெயர்.

இந்தக் கிருமியின் வித்து மண்ணில் இருக்கிறது. சாதாரணக் கொதிநீரில் அது சாகாது. அதனால்தான் டப்பாவில் உணவை அடைக்கும் தொழிற்சாலைகளில், அழுத்தத்தில் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள்.

1985-ல் கனடா நாட்டின் வான்கூவர் நகரில் ஓர் உணவு விடுதியில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. எண்ணெயில் ஊறிய பூண்டைக் குளிர்ச்சி இல்லாத இடத்தில் வைத்திருந்ததே காரணம். எண்ணெய் காற்றை மறைத்தது. கிருமிக்கு அது வசதியாகி விட்டது!

இந்த விஷம் கலந்த உணவு, பார்வைக்கும் வாசனைக்கும் நல்ல உணவு போலவே இருக்கக் கூடும். சாப்பிட்டவருக்குப் பார்வை இரண்டாகத் தெரியும். இமை தொங்கும். நாக்குக் குழறும். விழுங்க முடியாது. மூச்சு முட்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆச்சிமார் கண்ட வழி

அப்படியானால் எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய் மட்டும் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

எலுமிச்சையின் புளிப்பும், தாராளமாகப் போடும் உப்பும்தான் காரணம். போதிய புளிப்பு உள்ள இடத்தில் அந்தக் கிருமி வளராது. எண்ணெய் செய்யும் வேலை, மேலே பூசணம் பூக்காமல் தடுப்பது.

ஈரக் கரண்டியைப் போடாதே, ஜாடியை வேடு கட்டி வை, வெயிலில் வை என்று ஆச்சிமார் சொன்னதெல்லாம் வீண் பேச்சு அல்ல. உப்பையும் புளிப்பையும் குறைத்து விட்டு, பம்பு இருக்கிறதே என்று நம்பினால் ஆபத்து!

நினைவில் வையுங்கள்

* சமைத்த குழம்பு, கறி, மீன், வேக வைத்த காய், காளான், உரித்த பூண்டு ஆகியவற்றைக் காற்றை எடுத்து விட்டோம் என்ற தைரியத்தில் வெளியே வைக்காதீர்கள். குளிர்ப் பெட்டியில் வையுங்கள். இரண்டொரு நாளில் சாப்பிட்டு விடுங்கள்.

* பலகாரம் நன்றாக ஆறிய பிறகே ஜாடியில் போடுங்கள். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்து விடும்.

* கனமான, உருண்டையான கண்ணாடி ஜாடியே நல்லது. கீறல் விழுந்த பழைய ஜாடியில் பம்பு வைக்காதீர்கள். உடைந்து சிதறலாம்.

* பொடியின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். இல்லாவிட்டால் பம்புக்குள் பொடி ஏறி விடும்.

* ஒவ்வொரு தடவை திறந்த பிறகும், மறுபடி காற்றை எடுக்க வேண்டும்.

* ஈரமான உணவு வைத்த ஜாடியின் மூடி உப்பியிருந்தால் ருசி பார்க்காதீர்கள். அப்படியே கொட்டி விடுங்கள்.

புது ஜாடி வாங்கியவர்கள் முதலில் முறுக்கைப் போட்டு மூடுங்கள். மீன் குழம்பை வேண்டாம்!