பழுதான தானியங்கித் தடுப்பு: கயிற்றால் கட்டாதீர்கள், காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள்

ஓசூர் சிப்காட் ஆலை வாசல்கள், எடைமேடைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என எங்கும் இன்று தானியங்கித் தடுப்பு நிற்கிறது. பூம் பேரியர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது பழுதானால் நடப்பதும் எங்கும் ஒன்றுதான். தடுப்பின் கையைத் தூக்கி நைலான் கயிற்றால் கட்டிவிடுகிறார்கள். அல்லது ஒரு எலக்ட்ரீஷியன் வந்து சென்சாரைத் துண்டித்து, எப்படியோ ஓட வைத்துவிட்டுப் போகிறார். சில மாதம் கழித்து மொத்தப் பெட்டியும் பேட்டரியோடு பழைய இரும்புக்காரரின் டெம்போவில் ஏறுகிறது. மூன்றும் தவறு. மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். வாசலில் நிற்கும் காவலாளி அல்ல.

முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள். கை இறங்காமல் மேலேயே நின்றால் சாலைக்கடியில் புதைத்த லூப் ஒயரைச் சோதியுங்கள். மேலே வண்டி நிற்கிறதா என்று பெட்டிக்குச் சொல்வது அதுதான். வாசலில் தாரைச் சுரண்டிப் புதுச்சாலை போடும்போது இந்த ஒயர் அறுந்துபோவது வழக்கம். கிரானைட் லாரிகள் போகும் பாதையில் போட்டோ செல் சென்சாரின் கண்ணாடியில் தூசு படிந்தாலும் கை இறங்காது. உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கெபாசிட்டர் போயிருக்கலாம். கை உரிய இடத்தில் நிற்காவிட்டால் லிமிட் சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

எக்காரணம் கொண்டும் போட்டோ செல்லை பைபாஸ் செய்யாதீர்கள். டிரெய்லர் லாரியின் உயரமான நடுப்பகுதி லூப்புக்கு மேலே வரும்போது, வண்டி கடந்துவிட்டதாக லூப் தவறாகக் கணக்கிடலாம். இருசக்கர வாகனமும் அதற்குச் சரியாகத் தெரிவதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே போட்டோ செல் வைத்திருக்கிறார்கள். அதைத் துண்டித்தால் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் தொழிலாளியின் தலையில்தான் கை இறங்கும்.

கழற்றும்போது இன்னொரு ஆபத்து உண்டு. கை படுத்திருக்கும் நிலையில் உள்ளே ஸ்பிரிங் முழு விறைப்பில் இருக்கும். அப்போது கையைக் கழற்றினால் பெட்டிக்குள் இருக்கும் பாகம் துள்ளி எழுந்து விரலை நசுக்கும். மெயினை அணையுங்கள், பேட்டரி இணைப்பையும் எடுங்கள். கைச்சாவியால் கையை நிமிர்த்தி, ஸ்பிரிங் தளர்ந்த பிறகே போல்ட்டில் ஸ்பேனரை வையுங்கள்.

இனி அப்புறப்படுத்துவது. கழற்றியதை நான்காகப் பிரியுங்கள். இரும்புப் பெட்டியும் அலுமினியக் கையும் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம். மற்ற மூன்றும் போகக்கூடாது.

ஒன்று, கண்ட்ரோல் போர்டு, கார்டு ரீடர், கேமரா போன்றவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 இவற்றுக்கு வழிகாட்டி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, பெயர், முகவரி, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். ரசீதில் “ஸ்கிராப், ஒரு லாட்” என்று எழுத விடாதீர்கள். பொருளின் பெயர், வரிசை எண், எடை, தேதி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இரண்டு, யுபிஎஸ் பேட்டரி. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பு அல்லது மறுசுழற்சி செய்வோரிடம் தர வேண்டியது பயன்படுத்தியவரின் கடமை.

மூன்று, ஹைட்ராலிக் வகையில் இருக்கும் பழைய எண்ணெய். அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆலைகளைப் பொறுத்தவரை அது அபாயகரக் கழிவு. 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி படிவம் 10 மேனிஃபெஸ்டோடுதான் வெளியேற வேண்டும். ஓசூர்க்காரர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். அத்திப்பள்ளி கூப்பிடு தூரம் என்றாலும் எல்லையிலுள்ள ஜூஜூவாடியைத் தாண்டினால் வேறு மாநிலம். மறுசுழற்சிக்காக எல்லை தாண்டி அனுப்பினால், லாரியில் ஏற்றும் முன்பே இரு மாநில வாரியங்களுக்கும் தகவல் தர வேண்டும். இறுதியாக அழிக்க அனுப்பினால் இரண்டிடமும் தடையில்லாச் சான்று வேண்டும். விதியை மீறினால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ம் பிரிவின்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம்.

சந்தேகமிருந்தால் ஓசூரில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாயால் கேட்டால் “இது எங்கள் பிரிவு இல்லை” என்று வாயாலேயே அனுப்பிவிடுவார்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே நகலை இணைத்துக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

தடுப்பு மோதி ஒருவர் காயமடைந்தால் 108-ஐ அழைத்த கையோடு கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கேட்டு அன்றே எழுதிக் கொடுங்கள்; பழைய பதிவு தானாக அழிந்துவிடும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியின் தடுப்பைக் கடப்போருக்கும் ஓர் உரிமை உண்டு. ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, பணமும் இருந்து, சாவடிக் கருவியின் கோளாறால் கட்டணம் எடுக்க முடியாமல் போனால், கட்டணமின்றி விட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. பூஜ்ஜியத் தொகை ரசீதும் தந்தாக வேண்டும். மறுத்தால் 1033-க்கு அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: போட்டோ செல்லைத் துண்டிக்காதீர்கள், கையை நிமிர்த்தாமல் கழற்றாதீர்கள், பேட்டரியோடு பெட்டியை விற்காதீர்கள். உங்கள் வாசலில் கயிறு கட்டிய தடுப்பு நின்றால், நாளைக்கே பராமரிப்பு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள்.