வரியைப் பற்றி யார் யாரோடு பேசினார்கள்?



அஜக்ஸில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் 13 வீத எச்.எஸ்.ரி. வரியும் கட்டுகிறோம். குறைக்கச் சொல்லிக் காசாளரோடு பேரம் பேச முடியாது. பெரிய நிறுவனங்களுக்கோ, வரிச் சட்டம் எழுதுகிறவர்களோடு பேசவென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இதைத்தான் 'லொபி' என்கிறோம்.

கனடாவில் லொபி செய்வது குற்றமல்ல. ஒளித்துச் செய்வதுதான் குற்றம். ஒட்டாவாவில் 1989 முதல் இதற்கு ஒரு பதிவேடு உண்டு. 2008இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அமைச்சரையோ, பாராளுமன்ற உறுப்பினரையோ, உயர் அதிகாரியையோ லொபிக்காரர் ஒழுங்குசெய்து சந்தித்தால், அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் அறிவிக்க வேண்டும். யார், யாரோடு, எந்த நாள், எந்த விடயம் என்பதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் உள்ளே என்ன பேசினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பது அதில் இராது. கடிதங்களும் மாத அறிக்கையில் வருவதில்லை. அமெரிக்காவில் செலவுத் தொகையையும் காட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். பெரும் இணைய நிறுவனங்களின் கனடிய வருமானத்தில் 3 வீதம் அறவிடும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளில் 7.2 பில்லியன் டொலர் வரும் என்று பாராளுமன்ற வரவுசெலவு அலுவலர் 2023இல் கணித்திருந்தார். நிறுவனங்களும் வர்த்தகச் சங்கங்களும் இதை எதிர்த்தன. 2025 ஜூன் 27இல் இதே வரியைக் காரணம் காட்டி ஜனாதிபதி டிரம்ப் வர்த்தகப் பேச்சை முறித்தார். முதல் தவணைக்கு முதல்நாள், ஜூன் 29 இரவு, வரியைக் கைவிடுவதாக ஒட்டாவா அறிவித்தது.

இங்கே தட்டிய கதவுகளை எங்கள் பதிவேட்டில் பார்க்கலாம். வாஷிங்டனில் தட்டிய கதவுகள் அதில் இல்லை. ஆகவே இந்தப் பதிவேடு முழுக் கதையல்ல. கேள்வி கேட்பதற்கான தொடக்கம்.

பதிவு என்றால் எங்களில் பலருக்குக் கொழும்பில் பொலிஸ் பதிவுக்கு நின்ற நாட்கள்தான் நினைவுக்கு வரும். அங்கே சாதாரண சனத்தை அதிகாரம் பதிந்தது. இங்கே அதிகாரத்தை அணுகுகிறவர்களைப் பதிந்து, சனத்துக்குக் காட்டுகிறார்கள். சம்பளம் வாங்காமல், குடிமக்களாக எங்கள் உறுப்பினருக்கு எழுதுவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

வரியைப் பற்றி அவர்கள் மாதாமாதம் பேசுகிறார்கள். நாங்களோ தேர்தலுக்குத் தேர்தல்தான் பேசுகிறோம். அடுத்த முறை உங்கள் உறுப்பினரைக் கண்டால், இந்த மாதம் வரி பற்றி யார் உங்களைச் சந்தித்தார்கள் என்று கேளுங்கள்.