போர்க்களமும் பனிமலையும் தந்த ஆடைகள்

ஆண்களுக்கான ஆடையகம் எதனுள் நுழைந்தாலும் சில அமைப்புகளைக் காணாமல் வெளியே வர இயலாது. தோள்மீது பித்தான் வைத்துத் தைத்த பட்டி, தொடைப்பக்கத்தில் மூடியிட்ட பெரிய பை, கட்டம் கட்டமாகத் தைத்த உப்பலான குளிராடை, கறுப்பு அல்லது பச்சை நிறச் சட்டையின் உட்புறத்தில் பளீரென்ற ஆரஞ்சுத் துணி என்று அவை பலவகை. வாங்குவோர் இவற்றை அழகுக்கென அமைந்தவையாகவே கருதுகின்றனர். ஆனால் தொடைப்பை, இரண்டாம் உலகப் போரில் வான்குடையில் குதித்த அமெரிக்க வீரர்கள் உணவையும் தோட்டாக்களையும் உடன் கொண்டு செல்வதற்காக அமைந்தது. ஆரஞ்சு உட்துணி, எம்.ஏ.-1 எனப்படும் அமெரிக்க விமானப்படைச் சட்டையிலிருந்து வந்தது. விமானம் வீழ்ந்துபட்டால், உயிர் தப்பியவர் சட்டையைப் புறந்திருப்பி அணிந்துகொண்டு, தேடிவருவோர் கண்ணில் படவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவ்வகை ஆடைகளின் வரலாற்றில் நம் துணைக்கண்டத்திற்கும் முக்கியப் பங்கு உண்டு. 1846-இல் பெஷாவரில் ‘கைட்ஸ்’ என்ற படைப்பிரிவைத் திரட்டிய ஹாரி லம்ஸ்டன், பகைவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படும் செந்நிறச் சீருடையைத் தவிர்த்து, அம்மண்ணின் புழுதி நிறத்தையே தம் வீரர்களின் ஆடைக்குத் தேர்ந்தார். ‘காக்’ என்னும் பாரசீகச் சொல்லுக்குப் புழுதி என்று பொருள். காக்கி அதிலிருந்து வந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்கடந்து பணியாற்றிய பிரிட்டிஷ் படைகளின் களச் சீருடை காக்கியாயிற்று. மேனாட்டில் பின்னர் அது கல்லூரி மாணவரின் உல்லாச உடையாக மாறியது. நம் நாட்டிலோ காவலர், தானியங்கி ஓட்டுநர், எங்கள் வங்கி வாயிலில் துப்பாக்கியுடன் நிற்பவர் எனப் பணியிலிருப்போரின் நிறமாகவே இன்றும் நிலைத்திருக்கிறது. காக்கிச் சட்டை அணிந்து திருமணத்திற்குச் செல்ல நம்மில் பலர் தயங்குவதற்கு அதுவே காரணம் போலும்.

நிறத்திற்கு அடுத்தது துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழையாடை என்றால் ரப்பர் பூசிய கனத்த துணிதான். மழை உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் துணிக்கடை நடத்திய தாமஸ் பர்பெரி 1879-இல் இதற்கு மாற்றுக் கண்டார். நெய்த துணிக்கு மேல்பூச்சு இடுவதற்கு மாறாக, நூலுக்கே நீர்விலக்கும் பதமிட்டு, பின்னர் அதை மிக நெருக்கமாகச் சாய்வரி விழும்படி நெய்தார். கேபர்டீன் என்ற அத்துணிக்கு 1888-இல் காப்புரிமை கிடைத்தது. அது எடை குறைந்தது, காற்றைத் தடுப்பது, உடலின் ஈரத்தையும் ஓரளவு வெளியேற விடுவது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி அணிந்த ‘டிரெஞ்ச் கோட்டு’ இத்துணியால் புகழ்பெற்றது. அதன் தோள்பட்டி பதவிச் சின்னம் பொருத்துவதற்கு. மார்பின் மேற்பகுதியில் தொங்கும் கூடுதல் மடிப்பு, மழைநீர் உள்ளே வழியாமல் தடுப்பதற்கு. போர் முடிந்தபின் அந்தக் கோட்டு அலுவலகத்திற்கும் திரைப்படத்திற்கும் வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பவர் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்த வேதியியலறிஞர். ஆல்ப்ஸ் மலைகளில் தேர்ந்த மலையேறி. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக்குழுவில் அவர் இடம்பெற்றார். குழுவின் ஏனைய உறுப்பினர் அக்கால ஆங்கிலக் கனவான்கள் வேட்டைக்குச் செல்லும்போது அணியும் கம்பளிக் கோட்டுகளையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கம்பளிச் சட்டைகளையும் நம்பியிருந்தனர். ஃபின்ச்சோ குளிரை வேதியியலறிஞரின் கண்ணோடு அணுகினார். உடலின் வெப்பத்தைக் காப்பது துணியின் கனமன்று, துணிக்குள் அசைவற்று நிற்கும் காற்றே என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே பலூன் செய்யப் பயன்படும் காற்றுப்புகாத் துணியை வெளிப்புறமாக வைத்து, ஈடர் வாத்தின் மென்தூவியை உள்ளே நிரப்பி, தமக்கென ஒரு கோட்டைத் தைப்பித்துக்கொண்டார்.

உடன் வந்தோர் நகைத்தனர். மெத்தையைச் சுற்றிக்கொண்டு மலையேறுவதா என்னும் ஏளனம் இருந்தது. மலைமீது குளிர் கடுமையானபின் அந்நகைப்பு பொறாமையாக மாறியதை ஃபின்ச் தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். அவர் ஜெஃப்ரி புரூஸ், கூர்க்கா வீரர் தேஜ்பீர் ஆகியோருடன் 7,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சூறைக்காற்றில் படபடத்த சிறு கூடாரமொன்றில் இரண்டு இரவுகளைக் கழிக்க நேர்ந்தது. அதன்பின் மே 27 அன்று ஃபின்ச்சும் புரூசும் செயற்கை உயிர்வளியின் துணையுடன் ஏறத்தாழ 8,300 மீட்டர்வரை ஏறினர். அதற்கு முன் மனிதர் எவரும் கால்வைத்திராத உயரம் அது. அமெரிக்காவில் எடி பாவர் தூவி நிரப்பிய குளிராடையை 1936-இல் தைத்து, 1940-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே எவரெஸ்டில் அத்தகைய ஆடை தன் பயனை மெய்ப்பித்திருந்தது.

இத்தனைக்கும் 1924-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஃபின்ச்சுக்கு இடமளிக்கப்படவில்லை. அமைப்பாளர்களுடன் அவருக்கு இருந்த பூசல்களே காரணம். அவரோடு தூவிக்கோட்டும் விடுபட்டது என்றே கூறலாம். அப்பயணத்தில் ஜூன் 8 அன்று உச்சியை நோக்கிச் சென்ற ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 1999-இல், 8,100 மீட்டருக்கு மேல், கண்டெடுக்கப்பட்டது. பட்டு, பருத்தி, கம்பளி அடுக்குகளும் மேலே கேபர்டீனும் அவ்வுடலில் எஞ்சியிருந்தன. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அத்துணித் துண்டுகளின் இழையை எண்ணி, நெசவை அறிந்து, அதே போன்ற ஆடைகளை மறுபடியும் உருவாக்கினர். 2006-இல் அவை எவரெஸ்ட் சரிவிலேயே அணிந்து சோதிக்கப்பட்டன.

முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வாடைகள் எடை குறைந்தவையாகவும், கை கால்களைத் தடையின்றி அசைக்க இடம் தருபவையாகவும் இருந்தன. பட்டு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சென்றதால் நடப்பது எளிதாயிற்று. கையை உயர்த்தினாலும் கோட்டு மேலே இழுபடாதவாறு தோளில் தனி வெட்டு அமைந்திருந்தது. நல்ல வானிலையில் நடந்துகொண்டிருக்கும்வரை அவை போதும். ஆனால் அவ்வுயரத்தில் திறந்தவெளியில் ஓர் இரவைக் கழிக்க அவை போதா. மல்லோரி விழுந்து காயமுற்றவர். ஆகவே தூவிக்கோட்டு அவரைக் காத்திருக்கும் என்று கூறிவிட முடியாது. எனினும் இரவைத் தாங்கவல்ல ஆடை எது என்பது ஈராண்டுகளுக்கு முன்பே அதே மலையில் தெரிந்துவிட்ட செய்தி என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஃபின்ச்சின் பிற்கால வாழ்வு நம் நாட்டோடு இணைந்தது. 1952 முதல் 1957 வரை புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக அவர் பணியாற்றினார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், சென்னையில் பிறந்த சாய வேதியியல் வல்லுநர் கே. வெங்கடராமன்.

இனி இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு வருவோம். இத்தாலியின் பொலோனியா நகரைச் சேர்ந்த மாசிமோ ஓஸ்டி பழைய படைச் சீருடைகளை ஆயிரக்கணக்கில் சேகரித்து, தையலைப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். 1982-இல் அவர் தொடங்கிய ஸ்டோன் ஐலண்டு நிறுவனத்தின் முதல் ஆடைகள், படை லாரிகளின் மேல் போர்த்தும் தார்ப்பாயை ஒத்த, இருபுறமும் வெவ்வேறு நிறமுடைய துணியால் ஆனவை. அந்தத் துணியைப் பலமுறை துவைத்து, பழகிய தோற்றம் வரச் செய்தார். கையில் பித்தானிட்டுப் பொருத்தும் சின்னமும் படைமரபிலிருந்து எடுத்ததே. இங்கிலாந்தின் நைஜல் கேபோர்னும் இத்தகைய பெருஞ்சேகரிப்பாளர். எவரெஸ்ட் பயணங்களின் ஆடைகளை மாதிரியாகக் கொண்டு குளிராடைகள் வடித்திருக்கிறார். இவ்விருவரும் பழைய ஆடையின் ஒவ்வொரு தையலுக்கும் காரணம் தேடினர். காரணம் அறியாமல் பையையும் பட்டியையும் மட்டும் ஒட்டித் தைக்கும் நிறுவனங்களே மிகுதி. எதுவும் வைக்க முடியாத பை, எதையும் தாங்காத வளையம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம்.

வணிகவியல் பயின்ற எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. பெரும்பாலான நிலைச் சொத்துகளின் மதிப்பில் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்க வேண்டும் என்பது நாங்கள் கற்ற பாடம். பழைய போர்க்கால மேற்சட்டைகளோ தேயத் தேய விலை ஏறுகின்றன. முழங்கை வெளுத்துப்போன ஒன்றுக்குச் சேகரிப்பாளர்கள் புதியதைவிடக் கூடுதல் விலை தருவதும் உண்டு. அது சேகரிப்பாளரின் கணக்கு. அணிவதற்கென வாங்குவோர், துணியை வெளிச்சத்தில் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பதும், பையினுள் கைவிட்டுத் தையலை இழுத்துப் பார்ப்பதும், இரு கைகளையும் மேலே உயர்த்தும்போது சட்டை இடுப்பைவிட்டு ஏறுகிறதா என்று கவனிப்பதும் நலம்.

நம் நாட்டில் இவ்வகை ஆடை வாங்குவோர் அறியவேண்டிய சட்டமும் ஒன்று உண்டு. படைவீரர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்துடன் படைச் சீருடையையோ அதனை ஒத்த உடையையோ அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம். தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்துடன் இணைந்து இந்தியத் தரைப்படை உருவாக்கிய புதிய களச் சீருடை 2022 ஜனவரி 15 அன்று, படை நாளில், வெளியிடப்பட்டது. எழுபது பங்கு பருத்தியும் முப்பது பங்கு பாலியஸ்டரும் கலந்த துணி அது. அதன் வடிவமும் நிறக்கோலமும் அதே ஆண்டில் அறிவுசார் சொத்தாகப் பதிவு செய்யப்பட்டன. எனவே அதைப் போலவே அச்சிட்ட துணி வெளிக்கடையில் மலிவாகக் கிடைப்பினும், வாங்காமல் விடுவதே முறை. பொதுவான பச்சை நிறத்திலோ காக்கியிலோ மூடியிட்ட பைகளுடன் அமைந்த சட்டைகளுக்கு இத்தடை எதுவும் இல்லை.