‘அங்கிள்’னு கூப்பிட்டது தப்பா? தாய்லாந்தில் ஒரு வார்த்தை உறுத்தியது ஏன்?

2025 ஜூனில் தாய்லாந்துப் பிரதமர் பேதோங்தான் ஷினவத்ரா பேசிய ஒரு போன்கால் லீக் ஆனது. மறுமுனையில் கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென். இவருக்கு வயது 38, அவருக்கு 72. பேதோங்தானின் அப்பா தக்சினுக்கு ஹுன் சென் நீண்டகால நண்பர். அதனால் பேச்சில் ‘அங்கிள்’ என்றே அழைத்தார். சாதாரண விஷயம்தானே?

இல்லை. மே மாத இறுதியில்தான் எல்லையில் இரு நாட்டு ராணுவங்களும் மோதி, கம்போடிய வீரர் ஒருவர் இறந்திருந்தார். அந்த நேரத்தில் சொந்த நாட்டுத் தளபதி ஒருவரை எதிர்த்தரப்பு ஆள் என்று சொன்னதும், ‘அங்கிள்’ கேட்டதைச் செய்து தருகிறேன் என்கிற மாதிரி பேசியதும் மக்களைக் கொதிக்க வைத்தன. பேரம் பேசும் உத்தி என்று விளக்கம் கொடுத்தார். எடுபடவில்லை. ஆகஸ்ட் 29-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், நெறிமுறை மீறல் என்று அவரைப் பதவிநீக்கம் செய்தது. அந்த ஒரு வார்த்தையால் மட்டும் பதவி போகவில்லை. ஆனால் அது ஏன் அவ்வளவு உறுத்தியது?

தாய்லாந்து மொழியில் ‘நான்’, ‘நீ’ என்று சும்மா பேசிவிட முடியாது. எதிரே இருப்பவர் நம்மைவிடப் பெரியவரா, சின்னவரா என்பது முதலில் தெரிய வேண்டும். அதனால் முதல் சந்திப்பிலேயே வயதைக் கேட்பது அங்கே சகஜம். ஒரு வயது மூத்தவர் என்றாலும் ‘பி’. (அசல் உச்சரிப்பு நெடில். தமிழில் அப்படி எழுதினால் சிரிப்பீர்கள்!) அண்ணன், அக்கா இரண்டுக்கும் இதே சொல்தான். இளையவர் ‘நோங்’. ஆபீஸ், கடை, ஹோட்டல் எங்கே போனாலும் இதுதான். ‘நான்’ என்பதற்குப் பதிலாகவே தன்னை ‘நோங்’ என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. வாயைத் திறக்கும்போதே எந்தப் படியில் நிற்கிறோம் என்று சொல்லியாகிவிட்டது.

‘பி’க்கு மரியாதை மட்டுமல்ல, செலவும் உண்டு. சேர்ந்து சாப்பிடப் போனால் பெரும்பாலும் பில் அவர் தலையில்தான். பதிலுக்கு ‘நோங்’ எதிர்த்துப் பேசத் தயங்குவார். டீல் அப்படி. பல்கலைக்கழகங்களில் இதுவே ‘சோட்டஸ்’ என்ற சீனியர்-ஜூனியர் முறையாகி, ராகிங் வரை போயிருக்கிறது.

இதன் வேர் பழசு. 15-ம் நூற்றாண்டில், அயுத்தயா அரசின் ‘சக்தினா’ முறையில் ஆளுக்கு ஒரு எண் உண்டு. அடிமைக்கு 5, உப அரசருக்கு 1,00,000. இன்றும் அரசரிடம் பேசத் தனிச் சொற்கள்தான். ‘நீங்கள்’ என்று நேராகச் சொல்லக் கூடாது. அவர் பாதத்தின் தூசியைக் குறிப்பிட்டுத்தான் விளிக்க வேண்டும். அந்தத் தொடரில் வரும் ‘துலி’, ‘பாத்’ இரண்டும் நமக்குத் தெரிந்த தூளியும் பாதமும்தான்.

இப்போது அந்த போன்காலைக் கேட்டுப் பாருங்கள். ‘அங்கிள்’ என்றதுமே ஒரு நாட்டின் பிரதமர், மோதல் நடந்த பக்கத்து நாட்டுத் தலைவர் முன்னால் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். விமர்சித்தவர்களுக்கு வலித்தது அதுதான்.

அரசியலில் இது வேறு மாதிரியும் வேலை செய்யும். 2014-ல் ஆட்சியைக் கவிழ்த்த ராணுவத் தளபதி பிரயுத்துக்கு ‘லுங் து’ என்று செல்லப்பெயர். ‘லுங்’ என்றால் பெரியப்பா. அவர் கூட்டாளி பிரவித், ‘லுங் போம்’. கவிழ்ப்பு நடத்தியவரே குடும்பத்துப் பெரியவர் ஆகிவிட்டார். 2023 தேர்தலில் மூவ் ஃபார்வர்ட் கட்சி அதையே திருப்பிப் போட்டது: லுங் இருக்கும் இடத்தில் நாங்கள் இல்லை. இளைஞர் ஆதரவோடு 151 இடங்களில் ஜெயித்து அந்தக் கட்சி முதலிடம் பிடித்தது. ஆனால் ‘லுங்’ காலத்தில் நியமிக்கப்பட்ட செனட் ஒத்துக்கொள்ளாததால் ஆட்சி அமைக்க முடியவில்லை.