கிணற்றடிக்குச் செல்லும் கம்பி

மூதூரிலிருந்து சம்பூர் செல்லும் வழியிலே கட்டைபறிச்சான் உள்ளது. அவ்வூரில் வீட்டிலிருந்து 100 மீற்றர் தொலைவிலுள்ள கிணற்றடிக்கு மின்கம்பி இழுத்து நீர்ப்பம்பி பொருத்த எண்ணும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மெல்லிய கம்பியே போதுமென்று அவர் கருதுகிறார். போதுமா என்பதை வகுப்பிற் கற்ற இரண்டு சமன்பாடுகளைக் கொண்டே நாம் சொல்லிவிடலாம்.

அழுத்தவேற்றுமையை மின்னோட்டத்தால் வகுக்க வருவது தடை; இரண்டையும் பெருக்க வருவது வலு. முன்னையதை 1827இல் நூலாக வெளியிட்ட ஓம் என்பவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் நாட்டார் அந்நூலைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1841இல் இலண்டன் வேத்தியற் கழகம் பதக்கம் அளித்தது. ஆசிரியர்கள் இதனை அறிந்து ஆறுதல் பெறுவாராக.

இனிக் கணக்கிற்கு வருவோம். கம்பி போகவும் மீளவும் வேண்டுமாதலின் நீளம் 200 மீற்றர். இதனை மறப்பவர் பலர். குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீற்றர் உடைய செப்புக்கம்பியாயின் தடை ஏறக்குறைய 2.3 ஓம். பம்பி ஓடும்போது 5 அம்பியர் பாய்ந்தால் 11.5 உவோற்று வழியிலே வீழ்ந்துவிடும், 57.5 உவாற்று வலு கம்பியைச் சூடாக்கி வீணாகும். இது பொறுக்கத்தக்கதே.

இடர் தொடக்கத்தில் உள்ளது. நின்ற மோட்டார் புறப்படும் கணத்தில் ஓடும்போது கொள்வதிலும் பன்மடங்கு ஓட்டத்தைக் கொள்ளும். 230 உவோற்றில் 25 அம்பியர் கொள்வதாயின் அதன் தடை 9.2 ஓம். (ஆடலோட்டத்தின் அவத்தை வேற்றுமையை எளிமைக்காக ஒதுக்கினோம்.) கம்பியின் 2.3 ஓமும் சேர மொத்தம் 11.5, ஓட்டம் 20 அம்பியர், மோட்டாருக்குக் கிட்டுவது 184 உவோற்று. சுழற்றும் வலிமை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அது 64 வீதமாகக் குறைகிறது. மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அப்போது சுருளிற் பிறக்கும் வெப்பம் ஓடும்போதுள்ளதிலும் 16 மடங்கு; சுருள் எரிவது இவ்வாறுதான். 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பி இட்டிருந்தால் 210 உவோற்று கிட்டியிருக்கும். கம்பியில் மிச்சம் பிடித்த பணம் மோட்டாருக்குச் சுருள் கட்டுவதிற் போய்விடும்.

முறுக்கிவிட்ட மூட்டுக்களையும் கவனிக்க. ஒரு மூட்டின் தடை 0.2 ஓம் ஆயினும், 20 அம்பியரில் 80 உவாற்று விரற்கணு அளவான இடத்திலே வெப்பமாகும்.

மாணவருக்கு ஓர் எச்சரிக்கை. 230 உவோற்று, 60 உவாற்று இழைமின்குமிழின் தடை கணக்கின்படி 882 ஓம். குமிழைக் கழற்றி ஓம்மானியால் அளந்தால் அதிற் பத்திலொரு பங்கும் காட்டாது. கணக்கும் பிழையன்று, கருவியும் பிழையன்று. இழை குளிர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அயலூராகிய சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் திட்டத்திற்கு 2025 ஏப்பிரல் 5ஆந் திகதி தொடக்கவிழா நிகழ்ந்தது. அத்தகைய வலுவை 230 உவோற்றில் அனுப்புவதாயின் ஐந்து இலட்சம் அம்பியருக்கு மேல் வேண்டும். அதனைத் தாங்குங் கம்பி எங்குமில்லை. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் ஓட்டம் பத்திலொன்றாகும். கம்பியில் இழக்கும் வலு நூறிலொன்றாகும். இலங்கையின் நெடுந்தூர மின்வழிகள் 132,000 உவோற்றிலும் 220,000 உவோற்றிலும் இயங்குவது இதனாலேயே.